தளத்துக்குச் சாம்பல் சிமெண்ட் போடலாமா? பி.பி.சி. பற்றிச் சில சந்தேகங்கள்

கரிசல்வீடு

வணக்கம். கோவில்பட்டிக்குப் பக்கத்தில் 1,100 சதுர அடியில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். லிண்டல் வரை முடிந்துவிட்டது, அடுத்தது தளம். இன்ஜினியர் கொடுத்த வரைபடத்தில் எம்25 கான்கிரீட், பி.பி.சி. (போர்ட்லேண்ட் பொசோலானா, அதாவது அனல்மின் சாம்பல் கலந்த) சிமெண்ட் என்று எழுதியிருக்கிறார். மேஸ்திரி ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார். "சாம்பல் கலந்த சிமெண்டைப் பூச்சுக்கு வெச்சுக்கலாம் சார். தளத்துக்கு 53 கிரேடுதான். நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா என் பேருதான் கெடும்" என்று உறுதியாகச் சொல்லிவிட்டார். அவர் 30 வருஷமாக வேலை செய்கிறவர், அவர் பேச்சை ஒரேயடியாகத் தள்ளவும் மனசில்லை. அப்பாவும் அவர் பக்கம்தான்.

எனக்கு இரண்டு கேள்விகள். அனல்மின் நிலையத்தில் மிஞ்சும் சாம்பலைக் கலந்தால் வலு குறையாதா? அடுத்தது, இதனால் கரியமில வாயு குறைகிறது என்கிறார்களே, அது உண்மைதானா? கழிவைத் தள்ளிவிட ஒரு வழி கண்டுபிடித்து அதற்கு நல்ல பெயர் வைத்திருக்கிறார்களோ என்றும் தோன்றுகிறது. விவரம் தெரிந்தவர்கள் பொறுமையாகச் சொன்னால் நல்லது.

தளவேலை

மதுரையில் 18 வருஷமாக சைட் இன்ஜினியராக இருக்கிறேன். உங்கள் மேஸ்திரி சொல்வது முழுக்கத் தப்பு என்று சொல்ல மாட்டேன். அவர் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறார்.

53 கிரேடு ஓ.பி.சி. (சாம்பல் கலக்காத சாதாரண போர்ட்லேண்ட்) சிமெண்டுக்குத் தரநிர்ணயத்தில் உள்ள குறைந்தபட்ச வலு 3 நாளில் 27, 7 நாளில் 37, 28 நாளில் 53 மெகாபாஸ்கல். பி.பி.சி.க்கு அதே நாட்களில் 16, 22, 33. இதைப் பார்த்தால் யாருக்கும் பயம் வரத்தான் செய்யும். ஆனால் பி.பி.சி.க்குச் சொன்னது கீழ் எல்லை மட்டும்தான். நல்ல கம்பெனி மூட்டை 28 நாளில் அதைவிட நன்றாகவே மேலே வரும். அதற்குப் பிறகும் மாதக்கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கும். ஓ.பி.சி. 28 நாளுக்குள் தன் வேலையில் பெரும்பகுதியை முடித்துவிடும்.

இன்னொன்று, உங்களுக்கு வேண்டியது எம்25 கான்கிரீட். எந்த சிமெண்டைப் போட்டாலும் 28 நாளில் 25 மெகாபாஸ்கல் வர வேண்டும், அவ்வளவுதான். அதற்கேற்பக் கலவையை வடிவமைப்பது இன்ஜினியர் வேலை. 53 கிரேடு வாங்கிவிட்டோம் என்ற தைரியத்தில் தண்ணீரை இஷ்டத்துக்கு ஊற்றிய தளங்களை எத்தனையோ பார்த்திருக்கிறேன். வலு போவது அங்கேதான்.

பி.பி.சி.யில் உண்மையான பலவீனம் முதல் இரண்டு வாரம். மெதுவாக இறுகுகிற பொருள் அது. ஈரம் காய்ந்துவிட்டால் அந்தச் சாம்பல் வினை புரியாமல் வெறும் மண் மாதிரி உள்ளேயே உட்கார்ந்துவிடும். கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிர்ணயமான ஐ.எஸ். 456, ஓ.பி.சி.க்கு 7 நாள் நீராற்ற (ஈரம் காயாமல் வைக்க) சொல்கிறது, சாம்பல் கலந்ததற்கு 10 நாள். வெயிலும் வறட்சியும் உள்ள இடமென்றால் 14 நாள். கோவில்பட்டி வெயிலுக்கு 14 நாளே வைத்துக்கொள்ளுங்கள். மேஸ்திரி பார்த்த மோசமான பி.பி.சி. தளங்கள் பெரும்பாலும் நாலு நாள் தண்ணீர் காட்டிவிட்டு விட்டவையாகத்தான் இருக்கும்.

ஜாக்கியும்_பலகையும்

சென்ட்ரிங் (தளத்துக்கு அடியில் பலகையும் முட்டும் கட்டும்) வேலை செய்கிறவன். இன்ஜினியர் சார் ஒன்றைச் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். மேஸ்திரி 53 கேட்பதற்கு முக்கியமான காரணம் பலகையைச் சீக்கிரம் பிரிக்கலாம் என்பதுதான். தகடும் ஜாக்கியும் நாள் வாடகை. ஒரு வீட்டில் ஒரு வாரம் கூட நின்றால் அடுத்த வீட்டு வேலை தள்ளிப்போகும், ஆட்களுக்குக் கூலி நிற்கும். காண்ட்ராக்ட் பேசும்போது பி.பி.சி. என்று சொல்லி, பிரிக்கும் நாளையும் முன்கூட்டியே பேசிக்கொண்டால் எந்த மேஸ்திரியும் சண்டைக்கு வர மாட்டார். பேசாமல் விட்டுவிட்டு, தளம் போட்ட பிறகு "இன்னும் அஞ்சு நாள் இருக்கட்டும்" என்று சொன்னால் அந்தச் செலவு யார் தலையில் விழும்?

தளவேலை

ஜாக்கி அண்ணன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஐ.எஸ். 456-இல் நாலரை மீட்டருக்கு உட்பட்ட தளத்துக்கு அடியில் நிற்கும் முட்டுகளை 7 நாளில் எடுக்கலாம் என்று இருப்பது ஓ.பி.சி.க்கு. வேறு சிமெண்டுக்கு நாளைக் கூட்டிக்கொள்ளச் சொல்கிறது. நான் பி.பி.சி. தளத்தை 14 நாளுக்கு முன் தொட விடுவதில்லை.

மேட்டூர்_அணைக்கரை

அனல்மின் நிலையத்தில் பாய்லர் பக்கம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தம்பி, சாம்பல் என்றதும் அடுப்புச் சாம்பலை நினைத்துக்கொள்ளாதீர்கள். அது வேறு, இது வேறு.

நம் நாட்டு நிலக்கரியில் சாம்பல் அதிகம். நூறு கிலோ எரித்தால் 30 முதல் 45 கிலோ வரை சாம்பல் மிஞ்சும். கரியை மாவு மாதிரி அரைத்து, காற்றோடு சேர்த்து உலைக்குள் ஊதுவோம். அந்தச் சூட்டில் கரியோடு வந்த களிமண்ணும் மணலும் உருகித் துளித்துளியாகிவிடும். புகையோடு மேலே போகும்போது சட்டென்று குளிர்வதால் ஒவ்வொரு துளியும் கண்ணாடி உருண்டையாக உறையும். அடியில் கட்டியாக விழுவது சுமார் ஐந்தில் ஒரு பங்கு. மீதியெல்லாம் புகையோடு பறப்பதுதான், அதைத்தான் ஃபிளை ஆஷ் என்கிறோம்.

புகைபோக்கிக்கு முன்னால் மின்விசையால் தூசு பிடிக்கும் பெரிய அறைகள் இருக்கும். உயர் மின்னழுத்தத்தில் தூசு தகட்டில் போய் ஒட்டிக்கொள்ளும், சுத்தியல் தட்டினால் கீழே உள்ள தொட்டியில் விழும். முதல் வரிசையில் விழுவது கொஞ்சம் பரும்படி. பின்வரிசைகளுக்குப் போகப்போக முகப்பவுடர் மாதிரி இருக்கும். சிமெண்டுக்கு நல்லது அந்த நைஸ் சாம்பல். உலர்வாகவே உறிஞ்சி சைலோவில் சேர்த்து, அங்கிருந்து பல்கர் லாரியில் ஏற்றுவோம்.

எல்லாச் சாம்பலும் ஒரே தரமில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். லோடு குறைத்து ஓட்டும்போதும் பர்னர் சரியாக எரியாதபோதும் வேகாத கரி சாம்பலில் தங்கிவிடும், நிறம் கறுக்கும். சாம்பலுக்கான தரநிர்ணயம் ஐ.எஸ். 3812 அந்த எரியிழப்பு 5 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்கிறது. நெய்வேலிச் சாம்பல் பழுப்பு நிலக்கரியிலிருந்து வருவது, அதில் சுண்ணாம்புச் சத்து கூடுதல். அதன் குணமே வேறு. அதனால்தான் ஆலையில் சோதித்து, கிளிங்கரோடு (சூளையில் சுட்டெடுத்த சிமெண்ட் கட்டி) அரைத்துத் தருகிற பி.பி.சி.யை நம்பலாம் என்கிறேன். யாரோ ஒரு லாரிக்காரர் கொண்டுவந்து இறக்கும் சாம்பலை வீட்டு சைட்டில் மண்வெட்டியால் ஓ.பி.சி.யோடு கலக்கவே கூடாது.

சுண்ணாம்புக்கல்

பள்ளியில் வேதியியல் ஆசிரியை. கரிசல்வீடு கேட்ட இரண்டாவது கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன். எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது, கொஞ்சம் நீளமாகப் போகும்.

சிமெண்டின் கரியமில வாயுவில் பெரும்பகுதி அடுப்பு எரிப்பதால் வருவதில்லை, கல்லுக்குள்ளிருந்தே வருகிறது. அரியலூரிலோ தாழையூத்திலோ வெட்டுகிற சுண்ணாம்புக்கல் கால்சியம் கார்பனேட். அது சுத்தமாக இருந்தால் 100 கிலோ கல்லைச் சுடும்போது 56 கிலோ சுண்ணாம்பு மிஞ்சும், 44 கிலோ கரியமில வாயுவாக வானத்துக்குப் போகும். சூளையைச் சூரிய சக்தியிலேயே ஓட்டினாலும் அந்த 44 கிலோ போயே தீரும். அதோடு சுமார் 1,450 டிகிரி வரை சூடாக்கும் எரிபொருளின் புகையையும் சேர்த்தால், ஒரு டன் கிளிங்கருக்குச் சுமார் 0.8 டன் கரியமில வாயு. உலகம் வெளியிடும் கரியமில வாயுவில் 7 முதல் 8 சதவீதம் சிமெண்டால் என்று சொல்வது இதனால்தான்.

ஆக, கரியமில வாயு குறைய வேண்டுமென்றால் கிளிங்கர் குறைய வேண்டும். ஓ.பி.சி. மூட்டையில் சுமார் 95 சதவீதம் கிளிங்கர், மீதி ஜிப்சம். பி.பி.சி.யில் 15 முதல் 35 சதவீதம் வரை சாம்பல் சேர்க்க ஐ.எஸ். 1489 அனுமதிக்கிறது. உங்கள் வீட்டுக்கு 400 மூட்டை என்று வைத்துக்கொள்வோம், அதாவது 20 டன். 30 சதவீதம் சாம்பல் உள்ள பி.பி.சி. என்றால் 6 டன் கிளிங்கர் மிச்சம், கிட்டத்தட்ட 5 டன் கரியமில வாயு மிச்சம். இது என் தோராயக் கணக்கு, கிளிங்கருக்கு மட்டும் போட்டது. ஒரு வீட்டுக்கு இது சின்ன விஷயமில்லை.

வலு எப்படி வருகிறது என்பது அழகான கதை. சிமெண்டும் தண்ணீரும் சேரும்போது ஜல்லியையும் மணலையும் பிடித்துக்கொள்ளும் பசை உருவாகிறது. கூடவே, வலுவுக்கு அதிகம் உதவாத நீர்த்த சுண்ணாம்பும் உண்டாகிறது. ஓ.பி.சி.யில் அது அப்படியே கிடக்கும். கசியும் தண்ணீர் அதைக் கரைத்துக்கொண்டு வருவதைத்தான் பழைய தளங்களின் அடியில் வெள்ளைக் கோடாகப் பார்க்கிறோம். சாம்பலில் உள்ள கண்ணாடி சிலிக்கா அந்தச் சுண்ணாம்போடு மெதுவாக வினை புரிந்து அதையும் பசையாக மாற்றிவிடுகிறது. துளைகள் அடைபடுகின்றன, உப்பும் தண்ணீரும் உள்ளே போவது குறைகிறது. தூத்துக்குடி மாதிரிக் கடலோர ஊர்களில் கம்பி துருப்பிடிக்காமல் இருக்க இது பெரிய உதவி.

நம் முன்னோர்களுக்கு இது புதிதில்லை. செங்கல்லை இடித்துத் தூளாக்கிச் சுண்ணாம்போடு கலந்தார்களே, அந்தச் சுர்க்கியும் இதே வேலையைத்தான் செய்கிறது. 1895-இல் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையின் உள்பகுதி சுண்ணாம்பு, சுர்க்கிக் கான்கிரீட்தான்.

இன்னொன்று சொன்னால் உங்கள் அப்பாவுக்குப் பிடிக்கும். ஹவாயின் கவாய் தீவில் சோழர் பாணியில் இறைவன் கோயில் என்று ஒரு சிவன் கோயில் இருக்கிறது. வி. கணபதி ஸ்தபதி வடிவமைத்தது. கற்களைப் பெங்களூர்ப் பக்கம் கையால் செதுக்கிக் கப்பலில் அனுப்பினார்கள், 2023-இல் கும்பாபிஷேகம் நடந்தது. ஆயிரம் வருஷம் நிற்க வேண்டும் என்று கேட்டதால், 1999-இல் அஸ்திவாரக் கான்கிரீட்டை அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் பி. குமார் மேத்தா வடிவமைத்துக் கொடுத்தார். சுமார் 4 அடி கனம், கம்பியே கிடையாது. கம்பி இருந்தால்தானே துருப்பிடிக்கும். அதில் சிமெண்டைவிடச் சாம்பல்தான் அதிகம், பாதிக்கு மேல். சிமெண்ட் குறைந்ததால் இறுகும்போது சூடும் குறைந்தது, விரிசலுக்கு வழியில்லாமல் போனது.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. சாம்பல் அந்தச் சுண்ணாம்பைத் தின்றுவிடுவதால், காற்றிலுள்ள கரியமில வாயுவைத் தாங்கும் காரத்தன்மை கொஞ்சம் குறைகிறது. நீராற்றல் சரியில்லாத மெல்லிய கான்கிரீட்டில் கம்பிக்கு இது ஆபத்து. ஆகவே கம்பியைக் கான்கிரீட்டுக்குள் தள்ளி நிறுத்தும் கவர் பிளாக்கைக் கம்பிக்குக் கீழே வைப்பதில் ஏமாந்துவிடாதீர்கள்.

கழிமுகத்தாள்

எல்லாம் சரி. ஆனால் வடசென்னைக்காரியாக நான் இதைச் சொல்லாமல் போக முடியாது. இங்கே பேசுகிற சாம்பல் சைலோவிலிருந்து லாரி ஏறும் சாம்பல். லாரி ஏறாத சாம்பல் எங்கே போகிறது? தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியாகச் சாம்பல் குளத்துக்கு அனுப்புகிறார்கள். எண்ணூர்க் கழிமுகத்திலும் கொசஸ்தலை ஆற்றிலும் அந்தக் குழாய்கள் கசிந்து சாம்பல் படிந்தது பசுமைத் தீர்ப்பாயம் வரை போன வழக்கு. இறால் தடவிப் பிடிக்கிறவர்கள் கை வைக்கிற சேற்றில் சாம்பல். செப்பாக்கத்தில் வீட்டுக்குப் பின்னாலேயே சாம்பல் குளம். காற்றடிக்கிற நாளில் சோற்றுத் தட்டை மூடிவைத்துத்தான் சாப்பிட வேண்டும்.

சாம்பலைப் பயன்படுத்த வேண்டும் என்று மத்திய அரசு முதலில் ஆணை போட்டது 1999-இல். பிறகு எத்தனையோ திருத்தம். நூறு சதவீதம் பயன்படுத்த வேண்டும் என்பது முன்பே இருந்தாலும், 2021 டிசம்பரில் வந்த அறிவிக்கையில்தான் பயன்படுத்தாமல் விட்ட ஒவ்வொரு டன்னுக்கும் 1,000 ரூபாய் இழப்பீடு என்று வந்தது. நடுவில் போனது இருபது வருஷத்துக்கு மேல். பி.பி.சி. நல்லதுதான், நானும் அதில்தான் வீடு கட்டுவேன். ஆனால் "சாம்பல் பயன்படுகிறதே, அப்புறம் என்ன, இன்னொரு அனல்மின் நிலையம் கட்டலாம்" என்று யாராவது சொன்னால் அதற்கு இந்த மூட்டை சாட்சியாகக் கூடாது.

மேட்டூர்_அணைக்கரை

அம்மா, நீங்கள் சொல்வதில் ஒரு வார்த்தையைக்கூட மறுக்க மாட்டேன். குளத்துக்குப் போன சாம்பல் ஈரமாகி, பரும்படியோடும் அடிச்சாம்பலோடும் கலந்துவிடும். அதைச் சிமெண்ட் ஆலை எளிதில் எடுக்காது. பள்ளம் நிரப்பவும் சாலைக் கரை போடவும் செங்கல் அறுக்கவும்தான் போகும். அதனால் உலர்வாகவே முழுவதையும் பிடிக்க வேண்டும், குளத்துக்கு அனுப்புவது கடைசி வழியாக இருக்க வேண்டும் என்றுதான் வேலையில் இருந்தபோதே சொல்லிக்கொண்டிருந்தோம்.

வேப்பமரத்தடி

ஒரு சந்தேகம். சாம்பலில் ஆர்சனிக், பாதரசம், ஈயம் எல்லாம் இருக்கும் என்கிறார்களே. கழிமுகத்தாள் சொல்வதைப் படித்தால் பயமாக இருக்கிறது. அதே சாம்பல் வீட்டுச் சுவரில் இருந்தால் குழந்தைகளுக்கு ஆகுமா?

சுண்ணாம்புக்கல்

நியாயமான பயம். அந்த உலோகங்கள் சிறிதளவு இருப்பது உண்மை. ஆபத்து, அவை தூசாக மூச்சில் போகும்போதும் குளத்திலிருந்து தண்ணீரில் கசியும்போதும். இறுகிய கான்கிரீட்டுக்குள் அவை அந்தப் பசையிலேயே சிறைப்பட்டுவிடுகின்றன, காரத்தன்மையும் பெரும்பாலானவற்றைக் கரையவிடாது. சுவரைத் தொட்டு வாழ்வதில் பயமில்லை. மூட்டையைக் கொட்டிக் கலக்கும் தொழிலாளிக்குத்தான் தூசு. அது எந்தச் சிமெண்டுக்கும் பொருந்தும். மூக்கை மூடத் துணியாவது கொடுங்கள், கையுறை கொடுங்கள்.

வன்னிக்காற்று

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து, இப்ப இங்கிலாந்தில் கட்டட வேலையில் இருக்கிறேன். எங்கட ஊரில் சீமெந்து என்றுதான் சொல்லுவம். இங்கை இப்ப வேறு பிரச்சினை. நொட்டிங்ஹாமுக்குப் பக்கத்தில் இருந்த ராட்கிளிஃப் அனல்மின் நிலையம் 2024 செப்டெம்பர் 30-இல் மூடப்பட்டது. நாட்டின் கடைசி நிலக்கரி மின்நிலையம் அதுதான். நல்ல விஷயம். ஆனால் அதோட புதுச் சாம்பலும் முடிஞ்சுது. இனி இறக்குமதி செய்ய வேணும், இல்லாட்டி பழைய சாம்பல் மேடுகளைத் தோண்டி, காயவைத்துச் சலித்து எடுக்க வேணும். சீமெந்தில் கலக்கிற இரும்பு உலைக் கசடும் அப்படித்தான், பழைய உலைகள் மூட மூட அதுவும் குறையும்.

தளவேலை

அதற்கு மாற்று வேலை நடக்கிறது. சுட்ட களிமண்ணும் சுடாத சுண்ணாம்புக்கல் தூளும் சேர்ந்த எல்.சி.3 சிமெண்ட். பாதி கிளிங்கர், 30 சதவீதம் களிமண், 15 சதவீதம் சுண்ணாம்புக்கல், மீதி ஜிப்சம். களிமண்ணைச் சுட 700, 800 டிகிரி போதும். சுவிட்சர்லாந்தின் கேரன் ஸ்க்ரிவனர் குழுவோடு சென்னை ஐ.ஐ.டி.யும் டெல்லி ஐ.ஐ.டி.யும் பல வருஷம் இதில் உழைத்தார்கள். 2023-இல் ஐ.எஸ். 18189 என்று தரநிர்ணயமும் வந்துவிட்டது. நிலக்கரி முடிந்தாலும் களிமண் முடியாது. இன்றைக்கு நம் ஊர் சிமெண்ட் கடைக்குப் போனால் கையில் கிடைப்பது பி.பி.சி.தான்.

கரிசல்வீடு, வாங்கும்போது மூட்டையில் ஐ.எஸ். 1489 என்ற எண்ணும், சாம்பல் சதவீதமும், தயாரித்த வாரமும் அச்சடித்திருக்கும், பாருங்கள். மூன்று மாதம் தாண்டிய மூட்டை வேண்டாம்.

கரிசல்வீடு

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. அப்பாவுக்கு இறைவன் கோயில் கதையை வாசித்துக் காட்டினேன். இரண்டு தடவை கேட்டார். ஜாக்கியும்_பலகையும் அண்ணன் சொன்னதை மேஸ்திரியிடம் நேரடியாகவே கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பத்து நாள் கூட நின்னா தகடு வாடகை யார் கொடுப்பா சார்?" என்றார். நான் கொடுக்கிறேன் என்றதும் ஒத்துக்கொண்டார். கழிமுகத்தாள் எழுதியதைப் படித்த பிறகு மூட்டையைப் பார்க்கும்போது அந்தக் குளமும் சேர்ந்தே நினைவுக்கு வருகிறது.

ஒரு சிக்கல். எங்கள் போர் தண்ணீர் உப்பு. குடிதண்ணீர் லாரி வாரத்துக்கு ஒரு முறைதான். 14 நாள் பாத்தி கட்டி நிறுத்த அவ்வளவு தண்ணீருக்கு எங்கே போவது?

ஜாக்கியும்_பலகையும்

உப்புத் தண்ணீரைக் கலவைக்கும் ஊற்றாதீர்கள், தளத்திலும் நிறுத்தாதீர்கள், கம்பியைத் தின்னும். சணல் சாக்கைப் பரப்பி நனைத்து, அதன் மேல் பாலித்தீன் விரிப்பைப் போட்டு ஓரத்தில் கல் வையுங்கள். ஆவியாகிற தண்ணீர் அங்கேயே நிற்கும். காலையிலும் மாலையிலும் விரிப்பைத் தூக்கி சாக்கைத் தொட்டுப் பார்த்துத் தெளித்தால் போதும். பாத்தி கட்டுவதைவிடத் தண்ணீர் ரொம்பக் குறைவாகப் பிடிக்கும்.

கரிசல்வீடு

தளம் போட்டு இன்றோடு ஒன்பது நாள். அண்ணன் சொன்னபடி சாக்கும் விரிப்பும்தான். மத்தியானம் இரண்டு மணிக்குக்கூட சாக்கைப் பிழிந்தால் தண்ணீர் வருகிறது. இதுவரை மேலே ஒரு மயிரிழை விரிசல்கூட இல்லை. கவர் பிளாக்கை நானே குனிந்து எண்ணிப் பார்த்தேன். வலுவைச் சோதிக்க அதே கான்கிரீட்டில் ஒன்பது கியூப் எடுத்தோம். மூன்றை 7-ம் நாள் சோதனைக்குக் கொடுத்தாயிற்று, மூன்று 28-ம் நாளுக்கு. மீதி மூன்றை 56-ம் நாள் உடைத்துப் பார்க்கலாம் என்று மேஸ்திரிதான் சொன்னார். தொட்டித் தண்ணீரில் கிடக்கின்றன. முடிவு வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.